யாரு கை வச்சது?

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தானாகக் கெட்டுப்போனது கிடையாது. கடிகாரம் நின்றால் யாரோ நிறுத்தியிருக்கவேண்டும். பால் திரிந்தால் யாரோ திரித்திருக்கவேண்டும். குடையில் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டைக்கு ஓர் ஆள் பொறுப்பேற்றே ஆகவேண்டும். என் அண்ணன் உலகத்தைப் பார்த்த விதம் அது. எது பழுதானாலும் மற்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அவர் கேட்டது, "யாரு கை வச்சது?"

கத்தவும் மாட்டார். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களை முன்கூடத்துக்கு வரவழைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து நிதானமாகக் கேட்பார். பதில் வரும்வரை பழுதான சாமானைத் தொடமாட்டார்; மற்றவர்களையும் தொட விடமாட்டார். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனர் வெளியே வரும். அவர் சந்தேகப்பட்டவர்களில் கைக்குழந்தைகள் உண்டு, விருந்தாளிகள் உண்டு, ஒருமுறை செத்துப்போன எங்கள் சித்தப்பாகூட உண்டு. அவர் மட்டும் இருந்ததில்லை.

நாங்கள் குடியிருந்தது மலாக்கா காஜா பெராங்கில், செட்டிகளின் கோயில்களுக்குப் பக்கத்துச் சந்தில். அண்ணன் ஆற்றோரத்து ரப்பர் கிடங்கு ஒன்றில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. வீட்டில் அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர்தான். நான் தையல் மெஷின் வைத்து ஜாலான் பெண்டஹாரா துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார்; பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழ் வம்சம். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு இட்டிருப்பார். மாரியம்மன் பெயரைத் தவிர அவருக்குத் தமிழ் அதிகம் வராது. எங்களோடு பேசுவது மலாய்தான். சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டு அவர்தான் என் அண்ணனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்: "சியாப்பா பெகாங்". யார் தொட்டது என்பதற்கு மலாய். கொஞ்ச நாளில் சந்து முழுவதும் அதுவே பெயராகிவிட்டது. மீன்காரர்கூட, "சியாப்பா பெகாங் வீட்டுக்கு இன்னிக்கு என்ன மீனு?" என்று கேட்பார். அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியும். அதை வைத்தது யார் என்பதுதான் தெரியாது. பல வருடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்த காலையைச் சொல்கிறேன். சந்திலேயே நல்ல ரேடியோ எங்களுடையது. தலைநகரத்து விழாவைக் கேட்க எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூட்டம் அதிகமானதும் எல்லோருக்கும் இடம் வேண்டுமென்று அண்ணனே ரேடியோ மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப்போட்டார். பிரதமர் பேசத் தொடங்கினார், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம், ரேடியோ செத்துவிட்டது.

அண்ணனின் சட்டைக் கை மடிந்தது. வாசற்படியில் போய் நின்றுகொண்டு, "யாரு கை வச்சது?" என்றார். அவருக்காகக் காத்திராமல் முனையிலிருந்த காப்பிக் கடைக்குப் போய் மிச்சத்தைக் கேட்கலாம் என்று செட்டி அம்மாள் எழுந்தார். "தெரியாம யாரும் வெளிய போகக்கூடாது" என்று அண்ணன் வழியை மறித்தார். காப்பிக் கடைப் பக்கமிருந்து மெர்டேக்கா, மெர்டேக்கா என்று சுதந்திர முழக்கம் வந்தது. நாங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றோம். கடைசியில் நான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மேசையைத் தள்ளியபோது பிளக் பாதி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அதைச் சொன்னேன். அண்ணனுக்கு வெட்கமே இல்லை. "நான் தள்ளும்போது யாராச்சும் பாத்துச் சொல்லியிருக்க வேணாமா?" என்றார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு மட்டும் சுதந்திரம் தாமதமாக வந்தது என்று செட்டி அம்மாள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் கிடங்கில் அரிசி மூட்டை காணாமல் போய், செய்யாத குற்றத்துக்கு அண்ணனை முட்டி போடவைத்து அடித்தார்கள். அதனால்தான் அவருக்கு இந்தக் குணம் என்று உறவினர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தக் காலத்தில் அடி வாங்காதவர் யார்? அநியாயமாக அடி வாங்கியவன் அடுத்தவன் மேல் பழி போடக் கூசவேண்டும். இவர் அங்கே கற்றுக்கொண்டு வந்தது அடித்தவனின் கேள்வியை.

ஆனால் கெட்டவர் என்று சொல்ல என் நாக்கு வளையாது. எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தவர் அவர். எனக்கு நினைவு திரும்பியதும் கண்ணெல்லாம் நீர் முட்டக் குனிந்து என் தலையைத் தடவினார். தடவிக்கொண்டே கேட்டார்: "உனக்கு ஐஸ் தண்ணி வாங்கிக் குடுத்தது யாரு?"

இனி மோட்டார் சைக்கிள். வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பக்கத்தில் ஒரு தொட்டி வண்டியும் சேர்ந்தது. அண்ணி தொட்டியில் உட்காருவார், நான் அண்ணனுக்குப் பின்னால். முன்விளக்கின் மேல் கடிகாரம்போல ஒரு சின்ன வட்டமும் அதில் ஓர் ஊசியும் இருக்கும். வண்டி ஓடும்போது ஊசி வலது பக்கம் சாய்ந்தால் டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது என்று அர்த்தம். இடது பக்கம் சாய்ந்தால் பேட்டரி தன் கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அது தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். அந்த ஊசியை அண்ணன் எங்களைப் பார்த்ததைவிட அதிகம் பார்த்திருப்பார்.

சுதந்திரம் வந்த அதே வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் குளிப்பாட்டினார். ஊரில் மற்றவர்கள் விளக்கில் ஒரு பொட்டு, டாங்கியில் ஒரு பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடித்துவிடுவார்கள். என் அண்ணனுக்கு அது போதவில்லை. அண்ணி அரைத்துக் கொடுத்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் எடுத்து ஒவ்வொரு மூடியாகக் கழற்றினார்.

"என்னங்க, உள்ளாறயுமா வைக்கிறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"வெளிய வச்சா மழையில போயிடும். உள்ள வச்சா வருஷம் முழுக்க நிக்கும்."

டைனமோவின் மூடியையும் கழற்றி, உள்ளே சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்து மூடினார். பக்திக்குக் குறைச்சலே இல்லை. கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடி நின்றதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. எனக்கே வரவில்லை.

அதே வாரம் அண்ணியின் அப்பா ஊருக்குப் போகிறார். சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் ரப்பர்ப் பால் வெட்டியவர். துரை தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், இனி இங்கே தனக்கு என்ன இருக்கிறது என்று இந்தியாவுக்குக் கப்பலேறத் தீர்மானித்துவிட்டார். வயதான மனுஷர், போனால் திரும்பி வரப்போவதில்லை. பெற்ற ஒரே மகள் அண்ணிதான். தோட்டத்துக்குப் போய் நாலு நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணி கேட்டதற்கு, பூஜை நேரத்தில் வீட்டு விளக்கை யார் ஏற்றுவது என்று அண்ணன் அனுப்பவில்லை. "அவரு ரயிலு தம்பின்ல நிக்கும்ல? அங்க போயி பாத்துக்கலாம். நம்ம வண்டி இருக்கு" என்றார். பஸ்ஸில் போய்விடுகிறோம் என்று நான் சொன்னேன். சொந்த வண்டி இருக்க பஸ்ஸா என்று முகத்தைச் சுளித்தார்.

அண்ணி அப்பாவுக்குப் பிடித்த குலா மலாக்காவை, ஓலையில் சுற்றிய வெல்லக் கட்டிகளை, பொட்டலமாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்தார். காஜா பெராங் தாண்டும்போதே நான் ஊசியைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே, ஊசி எடது பக்கம் நிக்குது."

"ரெண்டு நாளா அப்படித்தான் இருக்கு. யாரோ ஊசியத் தட்டி விட்டுருக்காங்க. வீட்டுக்குப் போயி கேட்டுக்கிறேன்."

ரெண்டு நாளாக! டைனமோ மின்சாரம் ஏற்றவில்லை என்று ரெண்டு நாளாக அவர் கண் முன்னால் எழுதி ஒட்டியிருந்தது. அவர் ஊசியை நம்பவில்லை, ஊசியைத் தொட்டவனைத் தேடிக்கொண்டிருந்தார். அலோர் காஜா தாண்டியதும் ஹாரன் இருமியது. பிறகு எஞ்சின் இருமியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஆள் அரவமில்லாத ரோட்டில் வண்டி நின்றுவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரயில் தம்பின் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. அவர் அப்போதே டைனமோவைத் திறந்து பார்த்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். இறங்கினார், சட்டைக் கையை மடித்தார், எங்கள் இருவரையும் மரத்தடியில் நிற்கவைத்தார்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனது யாரு?"

"நீங்கதானங்க ஊத்தச் சொன்னீங்க. மழைத்தண்ணி புடிச்சு வச்சதத்தான் ஊத்துனேன்" என்றார் அண்ணி.

"கெணத்துத் தண்ணி இல்லையே?"

"இல்லீங்க."

"கெணத்துத் தண்ணி ஊத்துனா பேட்டரி செத்துப்போகும். அதான் கேக்குறேன். சத்தியமா இல்லையே?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, நாங்க ரெண்டு பேரும் பஸ்ல முன்னால போயிடுறோம். நீங்க பின்னால வாங்க" என்றார். கெஞ்சிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"யாரு கை வச்சதுன்னு தெரியாம ஒருத்தரும் நகரக்கூடாது."

"அண்ணே! அவங்க அப்பா கப்பலேறப் போறாரு. இனிமே பாக்க முடியுமா?" என்று நான் கத்தினேன்.

"நான் பாக்க வேணாம்னா சொல்றேன்? ஒழுங்கா உண்மையச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடலாம்." பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "ஒங்கப்பா மேல சத்தியம் பண்ணு."

எந்த அப்பாவைப் பார்க்கப் போகிறாரோ அந்த அப்பா மேல். அண்ணி வெல்லப் பொட்டலத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது பஸ் எங்களைக் கடந்து போனது. டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ரோட்டோரத்தில் ஒரு பெண் பொட்டலத்தை அடித்துச் சத்தியம் செய்வதை அவர் எங்கே பார்த்திருக்கப்போகிறார்.

பிறகு என் முறை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவள் இதற்கும் விட்டாயா என்றார். துணி துவைத்து வண்டிமேல் காயப்போட்டாயா என்றார். செட்டி அம்மாளின் பேரப்பிள்ளைகள் ஹாரனை அமுக்கினார்களா என்றார். சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் இறங்கி, தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். தன் வழியே போகிற மனுஷனையும் குற்றவாளியாக்கிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

அடுத்த பஸ் வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். பஸ் நின்றது. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். பின்னாலிருந்து அண்ணன், "அப்ப நீதான் கை வச்சியா? ஓடுறியே!" என்றார். நான் அந்த நிமிஷம் அவரை அண்ணன் என்று நினைக்கவில்லை.

தம்பின் ஸ்டேஷனில் பிளாட்பாரம் காலியாக இருந்தது. மூட்டை தூக்குகிற தமிழர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தெற்கேயிருந்து வந்த ரயில் போய்விட்டதா என்று கேட்டேன்.

"இப்பத்தாம்மா போச்சு. ஒரு பெரியவரு எறங்கி நின்னு ஸ்டேஷன் கேட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாரு. மக வரும்னாரு. கார்டு விசில் ஊதியும் ஏறல. வண்டி நகர்ந்த பெறகு நாந்தான் கையப் புடிச்சு ஏத்தி விட்டேன்."

அண்ணி அழவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தண்டவாளம் வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

நாங்கள் திரும்பி வந்த பஸ்ஸை வண்டி நின்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். சத்தியம் முடிந்து அண்ணி தொட்டியில் வைத்த பொட்டலம் அவசரத்தில் அங்கேயே கிடந்தது. அண்ணன் ரோட்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்ட ஆள் இல்லாமல் போனபிறகு வேறு வழியில்லாமல் வேலையைப் பார்த்திருக்கிறார். டைனமோ திறந்திருந்தது. அதற்குள் சுற்றுகிற செம்பை உரசிக்கொண்டே இருக்கவேண்டிய கரித்துண்டை வெளியே எடுத்துக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விரித்திருந்த துண்டின் முனையைச் சுரண்டி எடுத்ததன்மேல் போட்டு மூடினார்.

"என்ன அது?" என்றேன்.

"அழுக்கு. கரி நகர முடியாம ஒட்டிக்கிச்சு. அதான் சார்ஜ் ஏறல."

நான் குனிந்து துண்டை விலக்கினேன். மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு, நடுவில் சிவப்பு. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூஜையறை வாசம் வந்தது.

"அழுக்கு சந்தனமாட்டம் மணக்குமா அண்ணே?"

பஸ்ஸிலிருந்த எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. இதோ சொல்லப்போகிறார், நான்தான் வைத்தேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை மன்னிக்கத் தயாராக இருந்தேன். அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தார்.

"சந்தனத்த இவ்வளவு கெட்டியா அரைச்சது யாரு?"

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். என் கையிலிருந்த பொருக்கை அவர் காலடியில் வீசினேன். என்னென்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. பஸ் கண்டக்டர், "போதும் தங்கச்சி" என்றது நினைவிருக்கிறது. அண்ணி தொட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பேட்டரி அத்தனை நேரம் சும்மா கிடந்ததில் கொஞ்சம் உயிர் மிஞ்சியிருந்தது போலும். அண்ணன் கரியைத் துடைத்து மாட்டி, சரிவில் வண்டியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். பஸ்ஸை முந்தும்போது ஊசியைச் சுட்டிக் காட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அது வலது பக்கம் சாய்ந்திருந்ததாம்.

அந்தப் பெரியவர் இந்தியா போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கடிதம் வந்தது. அப்புறம் இறந்தார் என்று ஒன்று வந்தது. நடுவில் எதுவும் இல்லை. அந்த வெல்லப் பொட்டலம் அடுப்படி அலமாரியில் அப்படியே கிடந்து, மழைக்காலத்தில் கசிந்து பலகையில் வழிந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இத யாரு..." என்று ஆரம்பித்தார். அண்ணி திரும்பிப் பார்த்தார். அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் பாதியில் விட்ட விசாரணை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணி சந்தனக் கட்டையையும் கல்லையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "நீங்களே அரைச்சுக்குங்க" என்றார். அவரே அரைத்தார். தண்ணீராக ஓடியது.

அண்ணி அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் உட்காரவே இல்லை. கோயிலுக்கும் பாசார் கடைத்தெருவுக்கும் உஜோங் பாசிரில் ஒரு கல்யாணத்துக்கும் எல்லாவற்றுக்கும் பஸ்தான். சண்டை போடவில்லை, சோறு போடாமல் இருக்கவில்லை, அவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே இருந்தார். தொட்டியில் மட்டும் ஏறமாட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்தி, தொட்டியின் இருக்கையைத் துடைத்துவிட்டு நிற்பார். அண்ணி அவரைத் தாண்டி நடந்து போய் பஸ் ஏறுவார். அவர் காலித் தொட்டியோடு அந்த பஸ்ஸின் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். காஜா பெராங்கே பார்த்த காட்சி அது. செட்டி அம்மாள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வண்டியை விற்றபிறகு, கண்பார்வை மங்கிய வயதில், ஒருநாள் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். அண்ணி அடுப்படியில் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன். வண்டியில ஏறக்கூடாதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் அண்ணே" என்றேன்.

அவர் கண்ணில் நீர் கட்டியது. புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "இல்ல, இல்ல. வேற யாரோ இருக்கணும்" என்றார். சாகும்வரை அந்த ஆளைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்.